வைஸில் ஒட்டிய தோல்

சகலை,

இன்று காலையில் ஜமுனாமரத்தூர் ஹார்டுவேர் கடைக்காரர் என் கையில் ஒரு சின்னப் பெட்டியைத் திணித்தார். உள்ளே சிவப்பு நிறத்தில் இரண்டு ரப்பர் பட்டைகள், முதுகில் காந்தம். மரத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் தாடையில் வைத்தால் டக்கென்று ஒட்டிக்கொள்ளுமாம். மரத்தில் கோடே விழாதாம். "ஆன்லைன்ல வருதுங்க மேஸ்திரி, இப்ப எல்லாரும் இதான் போடறாங்க" என்றார். எல்லாரும் என்றால் யார் என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். நாலு நாள் பிளைவுட் ஒட்டக் கற்றுக்கொண்டு, ஒரு அலமாரிக்குத் திருகு முடுக்கிவிட்டு, தன்னை இண்டீரியர் என்று சொல்லிக்கொள்கிற கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு வைஸே தேவையில்லை, அதற்குக் காந்தம் வேறு.

இருந்தும் வாங்கி வந்தேன். பட்டறையில் பெட்டியைப் பிரித்ததும் புது ரப்பர் வாசனை முகத்தில் அடித்தது. உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பட்டையை எடுத்துக் கன்னத்தில் அழுத்திப் பார்த்திருப்பாய். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருப்பாய். அதுதானே உன் ஆராய்ச்சிக்கூடம்.

வைஸின் இரும்புத் தாடை மரத்தை நேராகக் கடித்தால் அதன் பல் மரத்தில் பதிந்துவிடும். நடுவில் மெத்தையாக எதையாவது கொடுக்க வேண்டும். எதைக் கொடுப்பது என்பதற்கு உலகத்தில் எல்லாத் தச்சனும் ஒரு முறை வைத்திருக்கிறான். நீ ஒருவன்தான் கன்னத்தை வைத்திருந்தாய். சைக்கிள் டியூப், சாக்கு, தேங்காய் நார் மிதியடி, பழைய பாய் என்று எது கிடைத்தாலும் கன்னத்தில் வைத்து அழுத்தி, கண்ணாடியில் பார்த்துக்கொள்வாய். "கன்னத்துல கோடு வுழலன்னா மரத்துலயும் வுழாதுண்ணா" என்பாய். பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். என் சகலைக்குக் கன்னத்துக்கும் கட்டைக்கும் வித்தியாசம் தெரியாது என்பேன். அவர்களும் சிரிப்பார்கள். நீயும் சேர்ந்து சிரிப்பாய். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

நான் ஐடிஐ படித்தவன். அதை நீ மறக்கும்படி நான் ஒரு நாளும் விட்டதில்லை. மாமனார் இந்தத் தகரக் கொட்டகையை இரண்டு மருமகன்களும் சேர்ந்து நடத்துங்கள் என்று கொடுத்தபோதே எனக்குக் கசந்துவிட்டது. பெரிய பெண்ணைக் கட்டியவன் நான், சந்தவாசலில் இருந்து சான்றிதழோடு மலையேறி வந்தவன். சின்னவளைக் கட்டிய நீ கலசப்பாக்கத்துப் பக்கம் வண்டிச் சக்கரத்துக்கு ஆரக்கால் செதுக்கிக்கொண்டிருந்தவன். உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்வது எனக்குக் கௌரவக் குறைச்சல். இதை நான் மறைத்ததும் இல்லை.

மெத்தை விஷயத்தில் என் முறை பாட முறை. ரப்பர் நன்றாகப் பிடிக்கும், ஆனால் வெளிறிய மரத்தில் கறுப்பு இழுகிவிடும். தக்கை சீக்கிரம் பொடிந்துபோகும். சாக்கில் மரச்செதில் மாட்டிக்கொண்டு, அடுத்த மரத்தில் குத்திக் குழி போடும். தோல்தான் சிறந்தது. வழவழப்பான பக்கத்தைத் தாடையில் ஒட்டி, சொரசொரப்பான பக்கம் மரத்தைப் பார்க்க வைத்தால், பிடியும் இருக்கும், தடமும் விழாது. வாணியம்பாடிக்குப் போகும்போதெல்லாம் வெட்டுத் தோல் பொறுக்கி வந்து வைத்திருப்பேன். உனக்கு அந்த வாசனையே பிடிக்காது.

கன்னத்தை விட்டால் உனக்கு இன்னொரு முறை இருந்தது. "எந்த மரத்த புடிக்கிறமோ அந்த மரத்துத் துண்டுதாண்ணா அதுக்கு மெத்த" என்பாய். தேக்கு என்றால் தேக்கிலேயே இரண்டு மெல்லிய சில்லு, வேங்கை என்றால் வேங்கையில். ஒவ்வொரு வேலைக்கும் புதிதாகச் சீவி, வேலை முடிந்ததும் அடுப்புக்குப் போட்டுவிடுவாய். நேரம் போகிறது என்று கத்துவேன். ஒரு தடவை தோலை ஒட்டினால் ஒரு வருஷம் ஓடும், இந்த ஆள் தினம் உட்கார்ந்து சில்லு சீவுகிறான் என்று உன் எதிரிலேயே அடுத்தவரிடம் சொல்வேன். நீ சீவிக்கொண்டே இருப்பாய்.

ஒரு வருஷம் மேலே ஒரு மலையூரிலிருந்து நாட்டாமையும் நாலு பேரும் வந்தார்கள். அவர்கள் அம்மன் கோயிலின் பலாமரம் காற்றில் சாய்ந்துவிட்டது. அதை வேறு எதற்கும் வெட்டக் கூடாது, அம்மனுக்கே பல்லக்காக்க வேண்டும் என்று அந்த அம்மனைக் கும்பிடும் ஏழு ஊரும் கூடி முடிவு செய்திருந்தது. அறுத்துக் காயவைத்த பலகைகளைத் தலைச்சுமையாகவே கொண்டுவந்தார்கள். மஞ்சள் மஞ்சளாகப் பலா வயிரம், பார்த்தாலே கை ஊறும். வேலை முடியும்வரை கவுச்சி கூடாது, பட்டறைக்குள் செருப்பு கூடாது, குளிக்காமல் மரத்தைத் தொடக் கூடாது என்று நாட்டாமை சொன்னார். இரண்டு பேர் கையிலும் மஞ்சள் கயிறு கட்டிவிட்டுப் போனார்.

முதல் நாள் நீ பலாத் துண்டில் நாலு சில்லு சீவி வைத்திருந்தாய். நான் அதை எடுத்து மூலையில் போட்டேன். தோளில் ஏற்றும் தண்டு நீளமானது, இழைப்புளி ஓட்டும்போது அசையக் கூடாது, உன் சில்லு வழுக்கும் என்றேன். வழுக்காது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ சொன்ன ஒன்றை நான் கேட்டதாக ஆகிவிடக் கூடாது. அவ்வளவுதான் காரணம். புதிதாக வந்திருந்த தோலை அளந்து வெட்டி, இரண்டு தாடையிலும் பசை போட்டு ஒட்டினேன். நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய். "ஐடிஐல உன் கன்னத்தப் பத்தி பாடம் வெக்கல" என்றேன். நீ போய் உளி தீட்ட உட்கார்ந்துவிட்டாய்.

இதை எழுதும்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது. மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, கருவாட்டு வாசனைக்கே மூக்கைப் பொத்திக்கொண்டு, செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, அம்மன் தண்டைச் செத்த மாட்டின் தோலுக்கு நடுவில் வைத்து இறுக்கியிருக்கிறேன். கண்ணில் படவில்லை. என் புத்திக்கு அது தோலே இல்லை, வைஸின் பாகம். காலில் போட்டால்தான் தோல் என்று நினைக்கிற அறிவு என் அறிவு. படித்த அறிவு.

மூன்றாம் நாள் நாட்டாமை கற்பூரத் தட்டோடு வந்தார். தண்டு வைஸில் இருந்தது. தொட்டுக் கும்பிடப் போனவர், தாடை பிடித்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்துத் தடவினார். அங்கே லேசாக எண்ணெய் மினுமினுப்பு. விரலை மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"இன்னாங்க இது? தோலு வாசன அடிக்குது?"

நான் நின்றேன். வாய் வரவில்லை என்று சொன்னால் பொய். வாய் வந்தது, நான்தான் திறக்கவில்லை. அதற்குள் நீ உளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாய்.

"நான்தாங்க ஒட்டனேன். தெரியாத்தனமா பண்ட்டேன்."

"ஏம்பா, அம்மன் மரம்னு தெரியாதா உனுக்கு? கவுறு கட்னமே, அது இன்னாத்துக்கு?"

"தப்புதாங்க."

நாட்டாமை என்னைப் பார்த்தார். "இன்னா மேஸ்திரி, நீங்க பாக்கலியா?"

நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "அவன் இப்பிடித்தாங்க, சொன்னா கேக்க மாட்டான்" என்றேன். சகலை, நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே ஏழு ஊரும் கூடிப் பேசிவிட்டுச் சொல்லி அனுப்பினார்கள். அந்தத் தண்டு ஆகாது, ஓடையில் விட வேண்டும். மற்றப் பலகைகளுக்கு மஞ்சள் நீர் தெளித்துக்கொள்ளலாம். தோல் ஒட்டியவன் இனி அம்மன் மரத்தைத் தொடக் கூடாது. அந்த ஏழு ஊரில் எந்த வீட்டு வாசக்காலையும் அவன் கை தொடக் கூடாது. நீ கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மஞ்சள் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்து அனுப்பினாய்.

அவர்கள் போனபிறகு ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். கேட்டதுகூடக் கோபமாகத்தான் கேட்டேன். "உங்க கையி போச்சுன்னா பல்லக்க யாருண்ணா முடிப்பா? எனுக்கு அந்தக் கூடு வேலையெல்லாம் வராது. என் கையி போனா ஸ்டூலு செஞ்சிக்கிறேன்" என்றாய். இது தியாகம் இல்லை, சும்மா கணக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முட்டாள் ஒருவன் ஒரு தடவை சரியாகக் கணக்குப் போட்டுவிட்டான் என்று வைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் நான் செய்ததுதான் பெரிய கூத்து. தோலைப் பிய்த்தெறிந்து, தாடையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினேன். மெத்தைக்கு வேறு எதுவும் கையில் இல்லை. மூலையில் போட்டிருந்த உன் பலாச் சில்லுகளை எடுத்து மாட்டினேன். வழுக்கவில்லை. ஒரு கீறல் விழவில்லை. மறுபடி வந்த நாட்டாமை அதைப் பார்த்துவிட்டுக் கூட வந்தவர்களிடம், "பாருங்கடா, அம்மன் மரத்துக்கு அம்மன் மரத்தையே மெத்தையா வெச்சிருக்காரு. இவருதான் தச்சன்" என்றார். நீ அப்போது வெளியே ஒரு ஸ்டூலுக்குக் கால் போட்டுக்கொண்டிருந்தாய். காதில் விழுந்திருக்கும். நான் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டேன். திருவிழாவில் எனக்குப் பரிவட்டம் கட்டினார்கள். அதையும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

பத்து வருஷம். வாசக்கால் வேலை எல்லாம் எனக்கு. ஸ்டூல், முக்காலி, ஒடிந்த கட்டில் கால் உனக்கு. யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால், அவனுக்கு என்ன தெரியும், அம்மன் மரத்தில் தோல் ஒட்டிய ஆள் என்பேன். முதலில் ஒரு பயத்தில் சொன்னது, போகப் போகப் பழக்கமாகிவிட்டது. சொல்லச் சொல்ல நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். உன்மேல் எனக்கு இருந்த இளக்காரத்துக்கு நல்ல காரணம் ஒன்று கிடைத்துவிட்டதுபோல அதை விடாமல் பிடித்துக்கொண்டேன். அந்தப் பேச்சு உன் காதுக்கு வராமல் இருந்திருக்காது. தகரக் கொட்டகையில் ரகசியம் ஏது?

ஒரு நாளாவது என் சட்டையைப் பிடித்திருக்கலாம் நீ. பிடிக்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தால் குழம்பில் பாதியை என் பக்கம் தள்ளுவாய். "உங்களுக்கு சாமைக்குப் புளிக்கொழம்பு புடிக்குமேண்ணா" என்பாய். தின்றுவிட்டு, உன் ஸ்டூலின் கால் ஆடுகிறது என்பேன். ஆடாது. உன் ஸ்டூல் ஒன்றுகூட ஆடியதில்லை.

போன பங்குனியில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நம் பக்கத்தில், வாசக்கால் வைத்த தச்சன் செத்தால் அந்தந்த வீட்டிலிருந்து ஒரு கோடித்துணி வரும் என்று உனக்குத் தெரியும். நம் மாமனாருக்கு வந்த துணியை இரண்டு பேர் தூக்க முடியாமல் தூக்கினோம். உனக்கு மேலே மலையூர்களிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. கலசப்பாக்கத்துச் சொந்தக்காரர்கள் போட்ட நாலு துணிதான். மச்சினி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு ஊரில் ஒரு ஊராவது வரும் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. கடைசி பஸ் வந்து திரும்பும்வரை உன்னை எடுக்க விடவில்லை.

காரியம் முடிந்த அன்று அவளிடம் ஆறுதலாக ஏதோ சொல்லப் போனேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவரு சொல்லினே இருந்தாரு மாமா. 'எங்க அண்ணன் ஒரு நாளு சொல்லிடுவாரு பாரு'ன்னு. பத்து வருசமா சொல்லினே இருந்தாரு."

எதை என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அழுதிருந்தால் தேவலாம். எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். உன்னை முட்டாள் என்று இருபது வருஷம் சொன்னேனே, அன்றுதான் உண்மையிலேயே நீ ஒரு முட்டாள் என்று தோன்றியது. என்னைப் போய் நம்பியிருக்கிறாய்.

தை மாதம் நாட்டாமை மறுபடி வந்தார். பல்லக்கின் ஒரு தண்டில் பிளவு கண்டிருக்கிறதாம், புதுத் தண்டு வேண்டுமாம். கூட மூன்று பேர். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, உன் வேலை மேசை இருந்த பக்கம் பார்த்தார். "அந்தத் தோலு ஒட்டன ஆளு பூட்டாருன்னாங்க. பாவம். இனிமே அம்மன் மரத்த தைரியமா உங்க பட்டறைக்கு எடுத்தாரலாம்" என்றார்.

சகலை, அப்போதுதான் சொன்னேன்.

"தோல ஒட்டனது நான்தாங்க. அவன் இல்ல. அவன் பலாச் சில்லு சீவி வெச்சிருந்தான், நான் அதத் தூக்கி மூலையில போட்டுட்டு தோல ஒட்டனேன். நீங்க கேட்டப்ப அவன் எனுக்காகப் பழிய ஏத்துக்கினான். நான் வாய மூடிக்கினு நின்னேன்."

இனி என்ன வேண்டுமானாலும் நடக்கட்டும் என்று இருந்தேன். என் கைக்கும் தடை போடுவார்கள், பரிவட்டத்தைத் திருப்பிக் கேட்பார்கள், உன் பேரைச் சொல்லி ஏழு ஊரிலும் மன்னிப்புக் கேட்கச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அதற்கெல்லாம் தயாராகத்தான் இருந்தேன். நாட்டாமை எழுந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"மேஸ்திரி, தம்பி மேல இவ்ளோ பாசமா? செத்தவன் பேரு கெடக் கூடாதுன்னு பழியத் தூக்கி உங்க தலையில வெச்சிக்கிறீங்களே!"

"இல்லீங்க, நெஜமாத்தான் சொல்றேன்."

"எங்களுக்குத் தெரியாதுங்களா? அம்மன் மரத்துக்கு அம்மன் மரத்தையே மெத்தையா வெச்சவரு நீங்க. எங்க கண்ணால பாத்தமே. அந்தப் புத்தி இருக்கறவரு தோல ஒட்டுவாரா?"

"அந்தச் சில்லு அவன் சீவனதுங்க!"

"உடுங்க. பத்து வருசமா அவரப் பத்தி நீங்கதான எங்குளுக்குச் சொன்னீங்க? சொன்னா கேக்க மாட்டான்னு. இப்ப மனசு கேக்கல உங்குளுக்கு. எங்களுக்குப் புரியுது."

கத்தினேன். அம்மன்மேல் சத்தியம் என்றேன். நான் கத்தக் கத்த அவர்கள் இன்னும் உருகினார்கள். ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த ஜனங்களின் அறிவை என்னவென்று சொல்வது? பொய்யை ஒரே வார்த்தையில் நம்பினார்கள், உண்மையைக் கதறிச் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஆனால் அவர்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது? உன்னைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது. நல்ல மாணவர்கள், ஒரு வரி மறக்கவில்லை.

மச்சினியிடம் போய்ச் சொன்னேன், சொல்லிவிட்டேன் என்று. "நம்புனாங்களா?" என்றாள். இல்லை என்றேன். சாமை புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. வீட்டுக்குள் உன் படத்துக்குப் போட்ட மாலை காய்ந்திருந்தது. புது மாலை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்கிப் போட்டாளா என்றும் தெரியாது.

தண்டைச் செய்து முடித்துக் கொடுத்துவிட்டேன். இப்போது நான் செத்த தம்பிக்காகப் பழி சுமக்கத் துணிந்த பெரிய மனசுக்காரன் என்று ஏழு ஊரிலும் பேச்சு. எங்கே என்னைப் பார்த்தாலும் ஆண்கள் மரியாதையாகத் தோளிலிருந்து துண்டை எடுக்கிறார்கள். மலையேறும் பஸ்ஸில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும், என்னைப் பார்த்ததும் யாராவது எழுந்து, "உக்காருங்க மேஸ்திரி" என்று இடம் கொடுக்கிறார்கள். அது உன் இடம் என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வாயெடுக்கிறேன். சொன்னால் இன்னும் இரண்டு பேர் எழுந்து நிற்பார்கள்.

உட்கார்ந்துகொள்கிறேன், சகலை.